கல் குதிரையின் மூக்கு

"சொல்ல மாட்டேன்" என்றார் ஒத்தை ஸ்டார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் மின்விசிறி மட்டும் பேசியது.

வக்கீலம்மா காத்திருந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து பல வருஷங்களாகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. நீதிமன்றத்துப் பழக்கமும் விடவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். மௌனம் நீண்டால் மனிதர்களுக்கு எங்கேயாவது அரிக்கும். சொறிந்துகொள்வதற்காகவாவது வாயைத் திறந்துவிடுவார்கள்.

ஒத்தை ஸ்டாருக்கு அரிக்கவில்லை. மேஜை விளிம்பை ஈரத்துணியால் துடைத்தார். சற்றுமுன் துடைத்த அதே விளிம்பு.

"சார்" என்றான் ரேடியோ. வக்கீலம்மாவின் கணவருக்குத் தம்பி, வக்கீலம்மாவுக்கு உதவியாளன். அந்தக் குடும்பத்துக்கென்று அளந்து கொடுக்கப்பட்ட பேச்சு முழுவதையும் அவன் ஒருவனே செலவழித்துக்கொண்டிருந்ததால் வந்த பெயர் அது. "கனவுல குதிரை வந்து சொல்லிச்சுன்னாவது சொல்லுங்க சார். ஜட்ஜ் சிரிச்சிட்டு விட்டுடுவாரு."

"நான் பொய் சொல்றதில்ல."

"அப்ப உண்மையைச் சொல்லுங்க."

"அதையும் சொல்றதா இல்ல."

கதவில் சாய்ந்து நின்ற மகள் பல்லைக் கடித்தாள். மருந்துக் கடை வைத்திருப்பவள். பாதி ஷட்டரை இறக்கிவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"பாருங்க மேடம், நேத்திலேருந்து இதே பாட்டுதான். நாளைக்கு ஜாமீனை ரத்து பண்ணிடுவாங்கன்னு எங்க வக்கீல் கையை விரிச்சிட்டாரு. 'எப்படித் தெரியும்'னு கேக்கறாங்க. அதுக்குப் பதில் சொன்னா வீட்டுல இருக்கலாம். சொல்லலைன்னா உள்ள. இவருக்கு உள்ள போறதுதான் வசதி போல."

"உள்ள கழிப்பறை எப்படி இருக்குன்னு எழுத ஆசையா இருக்கும்" என்றான் ரேடியோ.

ஒத்தை ஸ்டார் அவனைப் பார்த்த பார்வையில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அதன்பின் தேசியப் பூங்கா, கோட்டை, கோபுரம், நினைவுத் தூண் என்று ஒன்று விடாமல் போய்ப் பார்த்து இணையத்தில் மதிப்புரை எழுதினார். எதற்கும் ஒரு நட்சத்திரத்துக்கு மேல் போட்டதில்லை. 'அருவி ஒழுங்காகத்தான் விழுகிறது. விழுகிற இடத்தில் ஷாம்பு உறைகள் மிதக்கின்றன. ஒன்று.' 'மான்கள் பிளாஸ்டிக் தின்கின்றன. மான்களுக்கு ஐந்து, பார்வையாளர்களுக்கு ஒன்று. மான்கள் டிக்கெட் வாங்குவதில்லை என்பதால் மொத்தம் ஒன்று.' அவரைத் திட்டுவதற்காகவே ஆயிரக்கணக்கானவர்கள் படித்தார்கள்.

அவர் வருஷம் தவறாமல் போய்த் திட்டிவிட்டு வந்த இடம், நகரத்தை ஒட்டிய மலைப் பூங்கா. அங்கே இடிந்த கோட்டை வாசலில் ஒரு கல் குதிரைத் தலை இருந்தது. அதன் மூக்குத்துளையில் விரலை விட்டு நினைத்துக்கொண்டால் நினைத்தது நடக்கும் என்று யாரோ ஒருவன் கிளப்பிவிட, வருகிறவர்களெல்லாம் விரலை விட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். இந்த வருஷம் போனபோது ஒத்தை ஸ்டார் எழுதியது ஒரே வரி: 'இது கல் அல்ல, சிமென்ட்.'

நிபுணர் வந்து சுரண்டிப் பார்த்தார். சிமென்ட்தான். உண்மையான தலை போன இடம் தெரியவில்லை. 'ஊரே ஏமாந்தபோது இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?' என்று பூங்கா இயக்குநர் புகார் கொடுத்தார். போலீஸ் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே குதிரையின் படங்கள் நூற்றுக்கணக்கில். கைது செய்தார்கள்; இப்போது ஜாமீனில் வெளியே இருந்தார்.

வக்கீலம்மா எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது மகளிடம் கேட்டார்:

"அந்தப் பூங்காவோட கழிப்பறையைப் பத்தி அப்பா எவ்வளவு எழுதியிருக்காரு?"

"ஐயோ, அது மகாபாரதம் மேடம். தாழ்ப்பாள், வாளி, குழாய்னு ஒண்ணொண்ணுக்கும் காரணம் சொல்லியிருப்பாரு."

"குதிரைக்கு மட்டும் காரணமே சொல்லல."

அதோடு காரில் ஏறிவிட்டார்.

*

பூங்காவின் வாசலிலேயே நாற்றம் வரவேற்றது. காட்டு வாசனை என்று பலகையில் போட்டிருந்தார்கள். மூத்திர வாசனை.

பாதை நெடுகத் தண்ணீர்ப் பாட்டில்கள், ஈரமான டயாப்பர் ஒன்று, ஒரு மரத்தின் பட்டையைச் செதுக்கி எழுதிய இதயம். இதயத்துக்குள் இருந்த பெயர்களில் ஒன்றை வேறொருவன் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதியிருந்தான். வக்கீலம்மா கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தார். பழைய கற்களைப் பார்க்க அவருக்கு எப்போதும் பிடிக்கும். கற்களைப் பார்க்க வருகிறவர்களைப் பார்க்க வேண்டியிருப்பதால்தான் அவர் எங்கேயும் போவதில்லை.

குதிரைக்கு முன்னால் நீண்ட வரிசை.

"போலின்னு பேப்பர்ல வந்த பிறகும் இவ்வளவு கூட்டமா?" என்று ரேடியோ முன்னால் நின்ற பெண்மணியிடம் கேட்டான்.

"போலியா இருந்தா என்னப்பா? நினைச்சது நடந்தா சரி" என்றார் அவர். இடுப்பில் இருந்த குழந்தை தன் சொந்த மூக்கில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

இடுப்பளவு கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், மேடைமேல் தலை இருந்தது. நீண்ட முகம் வேலிவரை நீட்டியிருந்ததால் மூக்கு மட்டும் கைக்கு எட்டியது. மூக்கைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்த ஐஸ்கிரீம், வியர்வை, எச்சில் எல்லாம் சேர்ந்து கறுப்பாகப் பளபளத்தது. ஒவ்வொருவராக விரலை விட்டுச் சிரித்தார்கள். எடுத்த விரலைச் சிலர் சட்டையில் துடைத்தார்கள். ஒருவன் அதே விரலால் சிப்ஸ் எடுத்துத் தின்றான்.

வக்கீலம்மா வரிசையை விட்டு இரண்டடி விலகி நின்றார்.

"நீ போ" என்றார்.

"அண்ணி, எனக்கும் கல்யாணம், குழந்தைன்னு எல்லாம் ஆகணும்."

"போ."

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலை நுழைத்தான். திறந்தான். "அவ்வளவுதானா? நகத்தோட நின்னுடுச்சு. இதுக்கா இந்த வரிசை? என் மூக்குலயே இதைவிட உள்ள போகும்."

வேலியருகே நின்ற காவலாளியிடம் வக்கீலம்மா போனார். "நீங்க எப்பவாவது விரல் விட்டுப் பார்த்திருக்கீங்களா?"

"சீச்சீ! தினமும் இதைப் பார்க்கிறவன் தொடுவானா மேடம்? எங்கள்ல ஒருத்தரும் கிட்டவே போக மாட்டோம்."

"வேலியைத் தாண்டினா?"

"சைரன் அலறும். இயக்குநரே தாண்டினாலும் அலறும். ரெண்டு மாசம் முன்னாடி தார்ப்பாய் போட்டு மூடிச் சுத்தம் பண்ணினாங்க. அப்ப மட்டும்தான் அணைச்சு வெச்சிருந்தாங்க."

வெளியே வரும் வழியில், டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகை. சில மாதங்களுக்கு முன் பூங்கா நடத்திய புகைப்படப் போட்டி. பரிசு பெற்ற குதிரைப் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம், மேலிருந்து, பின்பக்கம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பரிசு. மூக்கு தெரிந்த படங்களில் எல்லாம் அதில் யாரோ ஒருவரின் விரல்.

"பின்மண்டைக்குப் பரிசு!" ரேடியோ வாயைப் பிளந்தான். "என் பின்மண்டையை முடிவெட்டுறவரைத் தவிர இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல. அவரும் பரிசெல்லாம் தரல."

வக்கீலம்மா அந்தப் பலகை முன்னால் நெடுநேரம் நின்றார். ரேடியோ இரண்டு முறை கொட்டாவி விட்டான்.

*

இயக்குநரின் அறை பளிங்கு மாதிரி இருந்தது. அவர் கை கொடுக்கவில்லை. கதவின் கைப்பிடியைக் காகிதத் துணியால் பிடித்துத் திறந்து, அந்தத் துணியைக் குப்பைக் கூடையில் போட்டார். மேஜைமேல் கைகழுவும் திரவம் பாட்டில் பாட்டிலாக. கோட்டை வாசலைப் பார்த்த சன்னல் அடைத்திருந்தது.

"திறக்கறதே இல்ல" என்றார். "அந்தக் கூட்டத்தைப் பார்த்தா எனக்குச் சாப்பாடு இறங்காது. கலைன்னா என்னன்னு தெரியாத ஜனங்க. அவங்க விரல் எங்கெங்க போயிட்டு அங்க வருதுன்னு யாருக்குத் தெரியும்? இவங்களுக்கெல்லாம் ஒரு நினைவுச் சின்னம் தேவையா, சொல்லுங்க?"

அவர் சொன்ன ஒவ்வொன்றும் அரைமணி நேரத்துக்கு முன் வக்கீலம்மா மனசுக்குள் நினைத்ததுதான். இன்னொருவர் வாயில் கேட்கும்போது அது நன்றாக இல்லை. தன் முகத்தை அழுக்குக் கண்ணாடியில் பார்த்ததுபோல் அவருக்கு இருந்தது.

"அந்த ஆளு என்னைக் குறை சொல்லி எத்தனை எழுதியிருக்கான் தெரியுமா?" இயக்குநர் தொடர்ந்தார். "கடைசியில திருடன் அவன்தான். கம்ப்யூட்டர் பூரா குதிரைப் படம். படத்தை வெச்சுப் போலி செஞ்சிருக்கான், மாத்தியிருக்கான், அப்புறம் பேர் வாங்க அவனே எழுதியும் இருக்கான்."

"தார்ப்பாய் போட்டுச் சுத்தம் பண்ணினப்ப நீங்க இருந்தீங்களா?"

"என் மேற்பார்வையிலதான் எல்லாம். ஆனா ராத்திரி காவல் எப்பவும் போலதான். அப்ப எவன் புகுந்தானோ."

வெளியே வந்ததும் ரேடியோ தன் விரலை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். "அவர்கிட்ட அந்த பாட்டில்ல கொஞ்சம் கேட்டிருக்கலாம் அண்ணி."

*

காரை நிழலில் போட்டுவிட்டு, பூங்காவைப் பற்றி மற்றவர்கள் எழுதிய மதிப்புரைகளை ரேடியோ செல்போனில் புரட்டினான். எல்லாவற்றிலும் ஒரு சிரித்த முகம், ஒரு மூக்கு, ஒரு விரல்.

"ஐயோ, இதைப் பார்த்துட்டு இன்னிக்கு நான் சாப்பிட்ட மாதிரிதான்."

"விரலை மட்டும் பாரு. முகத்தைப் பார்க்காதே. பழைய படத்திலேருந்து வா."

அவன் புரட்டிக்கொண்டே போனான். திடீரென்று கை நின்றது. பின்னால் போனான், மறுபடி முன்னால் வந்தான்.

"அண்ணி... பழைய படங்கள்ல விரல் ரெண்டாவது கணு வரைக்கும் உள்ள இருக்கு. குண்டு விரல், ஒல்லி விரல், எல்லாமே. அப்புறம் நீலத் தார்ப்பாய். 'மூடி வெச்சிட்டு எதுக்குடா டிக்கெட் விக்கறீங்க'ன்னு ஒருத்தன் கத்தியிருக்கான். அதுக்குப் பிறகு வர்ற படத்துல எல்லாம் வெறும் நகம்தான்."

"ம்."

"யாரும் கவனிக்கலையா?"

"வர்றவங்க வாழ்க்கையில ஒரு தடவை வர்றவங்க. அவங்களுக்கு அவ்வளவுதான் ஆழம்." வக்கீலம்மா கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். ஒரு குரங்கு டயாப்பரை ஆராய்ந்துகொண்டிருந்தது. "தார்ப்பாய் போட்ட நேரத்துலதான் மாத்தியிருக்காங்க. அது இருக்கட்டும். காது, பிடரி, பல்லு எல்லாம் அச்சு அசலா செஞ்சவன் மூக்கை மட்டும் ஏன் கோட்டை விட்டான்?"

"மூக்கடைப்பு உள்ளவனா இருப்பானோ?"

"நீ இப்ப பார்த்த படங்கள்ல, மூக்குத்துளை வெறுமையா தெரியற படம் ஒண்ணு காட்டு."

ரேடியோ தேடினான். தேடிக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் சிரிப்பும் அருவருப்பும் மாறி மாறி வந்தன.

"ஒண்ணுகூட இல்ல! எல்லாத்துலயும் எவனோ ஒருத்தன் விரல் அடைச்சிட்டிருக்கு!"

"நாலா பக்கமும் எடுத்த படங்களைக் கொடுத்தா, கம்ப்யூட்டரே முழு உருவத்தையும் கட்டிக் காட்டும். விரல் இருந்த இடத்துல அதுக்கு என்ன தெரியும்? அதுவா லேசா ஒரு குழியைப் போட்டு மூடிடுச்சு. போலி செஞ்சவன் அதை அப்படியே வார்த்துட்டான்."

"அப்ப ஒத்தை ஸ்டார் இல்லையா? அவர்கிட்டயும்தான் படம் இருக்கே."

"அவர் எடுத்த படங்களை அவர் பொண்ணு உன் போனுக்கு அனுப்பியிருக்கா. அதைப் பாரு."

ரேடியோ பார்த்தான். ஒத்தை ஸ்டார் எடுத்த படங்களில் ஒரு மனிதர்கூட இல்லை. கூட்டம் கலையும்வரை காத்திருந்து எடுத்திருக்கிறார். மூக்குத்துளைகள் இரண்டும் கறுப்பாக, ஆழமாக, சுத்தமாக இருந்தன.

"இவர் செஞ்சிருந்தா மூக்கு ஒழுங்கா இருந்திருக்கும்" என்றான் மெதுவாக. "சரி, ஆனா கேள்வி அப்படியேதானே இருக்கு? சிமென்ட்னு இவருக்கு எப்படித் தெரிஞ்சுது? வேலியைத் தாண்டினா சைரன். கைக்கு எட்டறது மூக்கு மட்டும்..."

அவன் வாய் திறந்தபடியே நின்றது. வக்கீலம்மா வண்டியைக் கிளப்பினார்.

*

ஒத்தை ஸ்டார் இப்போது நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

வக்கீலம்மா நின்றபடியே கேட்டார்:

"எந்த விரல் சார்?"

துணி நின்றது.

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போன பிறகும் அமைதி அப்படியே இருந்தது. வக்கீலம்மா அவர் கண்ணைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். கடைசியில் ஒத்தை ஸ்டாருக்கு அரித்தது.

"ஆள்காட்டி விரல்" என்றார்.

"அப்பா!" மகள் எழுந்துவிட்டாள். "நீங்களா? சின்ன வயசுல பஸ் கம்பியைத் தொட்டேன்னு என் கையைத் தோலு உரியறவரைக்கும் கழுவி விட்டீங்களே! 'மூக்கில் விரல் விடும் பன்றிகளைப் பூங்காவுக்குள் விடாதீர்கள்'னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"ஒரு தடவைதானே?"

"ஒவ்வொரு வருஷமும்."

ரேடியோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

"காவலாளி சாப்பிடப் போற நேரம்" என்றார் ஒத்தை ஸ்டார், யாரையும் பார்க்காமல். "வெயில் கொளுத்தும். பாறையில கால் வைக்க முடியாது. ஆனா அதுக்குள்ள மட்டும் சில்லுனு இருக்கும். மழமழன்னு இருக்கும். எத்தனை பேர் விரல் பட்டு அப்படி ஆச்சோன்னு நினைச்சா வாந்தி வரும் எனக்கு. ஆனாலும் எடுக்கத் தோணாது. அப்படியே நிப்பேன்." அவர் தொண்டையைச் செருமினார். "இந்தத் தடவை சொரசொரன்னு இருந்துச்சு. சுட்டுது. நகத்தோட நின்னுடுச்சு. வந்த கோவத்துல அங்கேயே உக்காந்து எழுதிட்டேன். எப்படித் தெரியும்னு கேப்பாங்கன்னு அப்ப தோணல."

"இதை நாலு பேர் முன்னால சொல்லணும் சார்" என்றார் வக்கீலம்மா. "நீங்க எடுத்த படங்களைக் காட்டினா, அதை மாத்தியிருக்கீங்கன்னு சொல்லிடுவாங்க. ரெண்டு குதிரையையும் தொட்டுப் பார்த்த சாட்சி நீங்க ஒருத்தர்தான்."

"முடியாது. அதுக்கு நான் உள்ளேயே போயிடறேன். உங்களுக்குத் தெரியாது. எத்தனை பேரைக் கேவலப்படுத்தி எழுதியிருக்கேன்! அத்தனை பேரும் வரிசையில வந்து சிரிப்பாங்க."

வக்கீலம்மா மகளைப் பார்த்தார். மகள்தான் சொன்னாள், கத்தாமல்:

"நீங்க உள்ள போனா, சாப்பாட்டுப் பையோட ஜெயில் வாசல்ல வரிசையில நிக்கப்போறது நான். கடையைப் பூட்டிட்டு நிக்கணும். உங்க வெக்கத்துக்கு நான் ஏன்ப்பா நிக்கணும்?"

ஒத்தை ஸ்டார் துணியை மடித்தார். இன்னும் சின்னதாக மடித்தார். பிறகு எழுந்து சட்டையைத் தேடினார்.

*

"நல்ல நகைச்சுவை" என்றார் இயக்குநர்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. வக்கீலம்மா கூப்பிட்டதால் வந்திருந்தார். வந்ததற்கு ஏதாவது துப்பு கிடைக்குமா என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஒத்தை ஸ்டார் இயக்குநர் அறையின் நடுவில் நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பவரைப் போல் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன.

"இன்ஸ்பெக்டர், இதை நம்பறீங்களா?" இயக்குநர் காகிதத் துணியால் உதட்டை ஒற்றினார். "ரெண்டாவது கணுவாம், சில்லுனு இருக்குமாம்! அந்தக் குதிரைக்கு மூக்குல ஓட்டையே கிடையாது சார். சும்மா ஒரு பள்ளம்தான். நகம் நுழையற அளவு. சுத்தம் பண்ணின அன்னிக்குப் பக்கத்துல நின்னு என் கண்ணால பார்த்தேன்."

வக்கீலம்மா பதில் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார். ரேடியோ பார்த்தான். அவனும் அந்த ஒரு நிமிஷம் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தான். இயக்குநர் ஒரு பாட்டிலைச் சற்று நகர்த்தினார். மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

"என்ன? நான் பார்த்ததைத்தானே சொன்னேன்?"

"ஆமா" என்றார் வக்கீலம்மா. "அதைத்தான் யோசிக்கிறேன். ரேடியோ, காட்டு."

ரேடியோ செல்போனை இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்துப் படங்களைத் தள்ளினான். தார்ப்பாய்க்கு முந்தைய விரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் இரண்டாவது கணுவரை உள்ளே.

"இதெல்லாம் ஊர் பேர் தெரியாதவங்க போட்ட படம் சார். நீங்களே உங்க போன்ல திறந்து பார்க்கலாம்" என்றார் வக்கீலம்மா. "உண்மையான குதிரைக்கு மூக்கு ஆழம். நகம் நுழையற பள்ளம் சிமென்ட் குதிரைக்குத்தான். சுத்தம் பண்ணின அன்னிக்குப் பக்கத்துல நின்னு உங்க கண்ணால பார்த்தது எந்தக் குதிரையை?"

இயக்குநர் பாட்டிலிலிருந்து திரவத்தை எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்சு, கூட்டம் வந்தாலே உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவர் இன்னும் கூட்டத்தை வரவழைக்க ஒரு போட்டோ போட்டி நடத்தியிருக்கீங்க. குதிரையோட முன்னால, பின்னால, மேலன்னு திசைக்கு ஒரு பரிசு கொடுத்து. வேலிக்குள்ள அளவுகோலோட போனா சைரன் அலறும். அதனால ஜனங்களை விட்டே அளந்துட்டீங்க. அவங்க அனுப்பின படத்துல எல்லாம் மூக்குல விரல் இருந்துச்சு. நீங்க இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது அதைத் தொட்டிருந்தா, வித்தியாசம் தெரிஞ்சிருக்கும்."

"தொடறதா?" இயக்குநர் எழுந்துவிட்டார். குரல் உடைந்தது. "அதைத் தொடுவாங்களா மனுஷங்க? எத்தனை நூறு வருஷத்துக் கலை அது! எச்சில் விரலைக் கொண்டு வந்து... தினமும் இந்தச் சன்னலுக்கு அந்தப் பக்கம்... நான் அதைக் காப்பாத்தினேன்! வாங்கறவர் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பேன்னு சொன்னார். ஒரு தூசி படாது. ஒருத்தன் கை படாது!"

"இலவசமாவா காப்பாத்தினீங்க?" என்றான் ரேடியோ.

இயக்குநர் உட்கார்ந்துவிட்டார். மேஜைமேல் தன் இரண்டு கைகளையும் வைத்து, அவை யாருடையவையோ என்பதுபோல் பார்த்தார்.

*

அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த இயக்குநரின் குடியிருப்பின் சாமான் அறையில் கிருமிநாசினி நெடி கண்ணைக் கரித்தது. நடுவில், வெள்ளைப் படுக்கை விரிப்பும் பிளாஸ்டிக்கும் சுற்றி ஒரு பெரிய மூட்டை. கொண்டு வந்து வைத்த நாளிலிருந்து பிரிக்கவே இல்லை. பிரிக்க மனசு வரவில்லை என்று இயக்குநர் முனகினார்.

கான்ஸ்டபிள்கள் பிரித்தார்கள். வெள்ளைத் துணிக்குள்ளிருந்து, இத்தனை வருஷத்து அழுக்கும் பிசுக்கும் ஏறிய, ஒரு காது உடைந்த கறுத்த முகம் வெளியே வந்தது. வாசல் குதிரையைவிட இது அசிங்கமாகத்தான் இருந்தது.

"இதுவும் இன்னொரு போலியா இருந்துடக் கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர். ஏமாந்த மனிதரின் ஜாக்கிரதை அவர் குரலில் இருந்தது. "நிபுணர் வர நாளாகும். இப்ப அடையாளம் சொன்னா நாளைக்குக் கோர்ட்ல உங்களுக்கும் நல்லது சார். ரெண்டையும் தெரிஞ்சவர் நீங்க."

எல்லோரும் ஒத்தை ஸ்டாரைப் பார்த்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு கான்ஸ்டபிள்கள், பின்னால் எட்டிப் பார்க்கும் பூங்கா ஊழியர்கள், அவர்களுக்கு நடுவே மகள். யாரோ ஒருவன் செல்போனை உயர்த்தினான். ரேடியோ அவன் கையைத் தாழ்த்தினான்.

ஒத்தை ஸ்டார் குனிந்தார். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த துணியை எடுத்தார். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாததுபோல் மகளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

விரல் உள்ளே போனது. முதல் கணு. இரண்டாவது கணு.

ஊழியர்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கண் மூடியிருந்தது. வக்கீலம்மாவுக்கு அந்த முகத்தைப் பார்க்க முதலில் அருவருப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அடுத்தவர் அந்தரங்கம் என்று தோன்றிச் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"இதுதான்" என்றார் ஒத்தை ஸ்டார்.

"சரி சார். எடுத்துடலாம்."

அவர் எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் சங்கடமாகத் தாளைப் பிரித்தார். இந்த மனிதரைக் கைது செய்தவர் அவர்தான். கொஞ்சம் மரியாதை செய்ய நினைத்திருப்பார் போலிருக்கிறது. "சாட்சி தொட்டுப் பார்த்து அடையாளம் காட்டினார்னு எழுதிக்கிறேன் சார். அது போதும்."

"தொட்டா தெரியாது" என்றார் ஒத்தை ஸ்டார், கண்ணைத் திறக்காமல். "மூக்குல விரலை விட்டார்னு எழுதுங்க. ரெண்டாவது கணு வரைக்கும்னு எழுதுங்க."